ஹெண்ட்ரிக்ஸ் சொல்லாத வாக்கியம்

அயர்லாந்து கிதார் கலைஞர் ரோரி கேலஹரின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஐந்து நிமிடத்துக்குள் அந்தக் கதை வந்துவிடும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸிடம் ஒரு நிருபர், "உலகத்திலேயே சிறந்த கிதார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது?" என்று கேட்டாராம். "எனக்கென்ன தெரியும், ரோரி கேலஹரைப் போய்க் கேளுங்கள்" என்றாராம் ஹெண்ட்ரிக்ஸ். எந்தப் பேட்டி, எந்தப் பத்திரிகை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒலிப்பதிவு கிடையாது, அச்சில் வந்த பக்கமும் கிடையாது. கொடுமை என்னவென்றால், இதே கதையைச் சிகாகோ குழுவின் டெர்ரி காத் பெயரிலும் சொல்கிறார்கள், ஃபில் கீகி பெயரிலும் சொல்கிறார்கள். கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் மாறுவார்.

இதை ஏன் இவ்வளவு பேர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியாமலில்லை. கிதார் என்று பேச்செடுத்தால் ஹெண்ட்ரிக்ஸ், கிளாப்டன், ஜிம்மி பேஜ், ஜெஃப் பெக் என்று வரிசை ஓடும். அதில் ரோரியின் பெயர் தானாக வராது. நாம்தான் குறுக்கே புகுந்து சொல்ல வேண்டும். சொன்னதும் "அது யாரு?" என்பார்கள். அந்த நேரத்தில் ஒன்பது நிமிடப் பாட்டைப் போட்டு முழுக்கக் கேட்கச் சொல்ல முடியுமா? பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் கையில் இருந்தால் வசதி. ஹெண்ட்ரிக்ஸ் கதை அந்தக் கடிதம்தான். அது போலி என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, நிஜமாகவே நடந்த நல்ல கதைகளை அது மறைத்துக்கொண்டு நிற்கிறது.

உதாரணத்துக்கு, குவீன் ராக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே. குவீன் குழுவெல்லாம் வருவதற்கு முன்பு, லண்டனில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், மார்க்கீ கிளப்பில் ரோரியின் 'டேஸ்ட்' குழு வாசிக்கும்போது அங்கே தவறாமல் போய் நிற்பார். ஒருநாள் கச்சேரி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் நண்பரோடு தங்கி, ரோரி தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், இந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறார். வேறொருவராக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார்கள். ரோரி பெட்டியைக் காட்டியே சொல்லிவிட்டார்: வாக்ஸ் ஏசி 30 என்ற ஆம்ப் (ஒலிபெருக்கி), அதற்கு முன்னால் கிதாரின் உச்ச ஒலியைத் தூக்கிக்கொடுக்கும் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்ன டிரெபிள் பூஸ்டர், அவ்வளவுதான். மே இரண்டையும் தேடி வாங்கினார். தனக்குத் தன் ஒலியைக் கொடுத்தவர் ரோரிதான் என்று பிறகு பல இடங்களில் அவரே சொல்லியிருக்கிறார். மே வாசிப்பில் சொக்கிப்போன கோடிக்கணக்கான பேர், களைத்துப்போயிருந்த ஓர் அயர்லாந்துக்காரர் முகம் தெரியாத மாணவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததன் பலனையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள். இதைச் சொல்ல ஹெண்ட்ரிக்ஸை எழுப்ப வேண்டியதில்லை.

சரி, யார் இந்த ரோரி என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 1948 மார்ச் 2ஆம் தேதி அயர்லாந்தின் டொனிகால் மாவட்டத்தில் பாலிஷானன் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு எர்ன் ஆற்றில் நடந்த நீர்மின் திட்டத்தில் வேலை. குடும்பம் அங்கிருந்து டெர்ரிக்கும், பிறகு அம்மாவின் ஊரான கார்க்குக்கும் மாறியது. சிறுவயதில் வானொலிதான் பள்ளிக்கூடம். லானி டொனகன் பாட்டைக் கேட்டு, அவர் யாரிடமிருந்து எடுத்துப் பாடுகிறார் என்று தேடிப் போய் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லெட் பெல்லியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ப்ளூஸ் இசையின் பெரியவர் மடி வாட்டர்ஸ் வரை போனார். ஒன்பது வயதில் கையில் கிதார். பன்னிரண்டு வயதில் ஒரு திறமைப் போட்டியில் ஜெயித்த பணத்தில் எலெக்ட்ரிக் கிதார்.

அப்புறம்தான் அந்த ஸ்ட்ராடோகாஸ்டர், ஃபெண்டர் கம்பெனியின் எலெக்ட்ரிக் கிதார், வருகிறது. ரசிகர்கள் நாள் முழுக்கப் பேசக்கூடிய கதை இது. ராயல் ஷோபேண்ட் என்ற பிரபலமான நடனக் குழுவில் இருந்த ஜிம் கான்லன் அமெரிக்காவிலிருந்து சிவப்பு ஃபெண்டர் ஒன்று வரவழைக்கச் சொன்னார். வந்து சேர்ந்ததோ நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கருமையுமாக இருக்கும் சன்பர்ஸ்ட். கொஞ்ச நாள் அதை வாசித்துவிட்டு, சிவப்பு வந்ததும் இதைக் கடைக்கே திருப்பித் தந்துவிட்டார். அயர்லாந்துக்கு வந்த முதல் ஸ்ட்ராடோகாஸ்டர் அதுதான் என்பார்கள். 1961இல் செய்த கிதார். 1963இல் கார்க் நகரில் க்ரௌலி கடையில் அது பழைய சரக்காகத் தொங்கியது; விலை 100 பவுண்டு. பதினைந்து வயதுப் பையன் தவணையில் எடுத்தான். இந்த ஒரு கிதார் இருந்தால் முன்னால் தனித்து ஒலிக்கும் லீடும் பின்னால் தாளத்தோடு போகும் ரிதமும் நானே வாசித்துவிடுவேன், இன்னொரு ஆளுக்குச் சம்பளம் மிச்சம் என்று அம்மாவிடம் கணக்குக் காட்டியதாகத் தம்பி டோனால் சொல்லியிருக்கிறார். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பிற்காலத்தில் மூன்று பேர் மட்டுமே இருந்த குழுவில், பாடிக்கொண்டே லீடும் ரிதமும் ஒரே கையில் அவர் வாசித்ததைக் கேட்டால் அம்மாவிடம் பொய் சொல்லவில்லை என்று தெரியும்.

கடனை அடைக்க வழி ஷோபேண்ட். அறுபதுகளின் அயர்லாந்தில் இசைக்காரனுக்கு நிரந்தர வருமானம் வேண்டுமென்றால் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நடன அரங்கங்களில் அந்த வாரத்து ஹிட் பாட்டுகளை வாசிக்க வேண்டும். ரோரியும் வாசித்தார். அந்தக் குழுவையே மெல்ல மெல்ல ரிதம் அண்ட் ப்ளூஸ் பக்கம் இழுத்தார். 1966இல் கார்க்கில் டேஸ்ட் பிறந்தது. 1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிளாப்டனின் கிரீம் குழு விடைபெற்ற கச்சேரியில் முன்னால் வாசித்தவர்களில் டேஸ்ட்டும் உண்டு. அடுத்த வருடம் பிளைண்ட் ஃபெயித் குழுவோடு அமெரிக்கா. 1970 ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட் திருவிழாவில் வாசித்தபோது கூட்டம் மேடையை விட்டு இறங்க விடவில்லை, திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. அதே விழாவில் ஹெண்ட்ரிக்ஸும் வாசித்தார், சில வாரங்களில் இறந்தும் போனார். போலிக் கதை முளைக்க ஏற்ற நிலம் அங்கேதான் இருந்திருக்கிறது. அந்த உச்சத்திலிருந்து நான்கு மாதத்தில் டேஸ்ட் உடைந்தது. பணம், நிர்வாகம், மனஸ்தாபம் என்று எல்லாக் குழுக்களுக்கும் வரும் வியாதி. கசப்பு எவ்வளவு இருந்தது என்றால், அதற்குப் பிறகு மேடையில் டேஸ்ட் காலத்துப் பாட்டுகளை ரோரி தொடவே மாட்டார். கீழேயிருந்து ரசிகர்கள் கத்திக் கேட்டாலும்.

1971இல் தன் பெயரிலேயே தொடங்கினார். பெல்ஃபாஸ்ட்காரர் ஜெர்ரி மெக்கவாய் பேஸ் கிதார்; இருபது வருடம் கூடவே இருந்தார். முதல் வருடமே இரண்டு ஆல்பம். அடுத்த வருடம் ஐரோப்பாவில் வாசித்ததை அப்படியே பதிந்து ஒரு நேரடி ஆல்பம். 1972இல் இங்கிலாந்தின் 'மெலடி மேக்கர்' பத்திரிகை வாசகர் வாக்கெடுப்பில் கிளாப்டனை முந்தி ஆண்டின் சிறந்த கிதார் கலைஞர் ஆனார். உரிய மதிப்புக் கிடைக்காதவர் என்று நாம் வருத்தப்படும் மனிதருக்கு இருபத்து நான்கு வயதில் நடந்தது இது.

இங்கேதான் எனக்கு என் சக ரசிகர்களோடு தகராறு. 'கண்டுகொள்ளப்படாத மேதை' என்று ரோரியைப் பற்றி உருகுகிறவர்கள் யார் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும். அயர்லாந்தில் அவர் பெயரில் சதுக்கம் இருக்கிறது, சிலை இருக்கிறது, 2002இல் தபால்தலை வந்தது. ஜெர்மனியில் 1977இல் எசன் நகரத்தில் ராக்பலாஸ்ட் என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி நடத்திய இரவில் அவர் வாசித்தது ஐரோப்பா முழுக்கத் தொலைக்காட்சியில் நேரடியாகப் போனது. 1981இல் ஏதென்ஸில் அவர் கச்சேரிக்கு வந்த கூட்டம் கலவரமாகிப் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. கண்டுகொள்ளாதவர்கள் என்று பார்த்தால் அமெரிக்க வானொலி நிலையங்கள், பட்டியல் போடுகிற பத்திரிகைகள், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம். இவர்களுக்குத் தீனி வேண்டும். மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு, மேடைக்கு வெளியே சண்டை, நடிகையோடு காதல், இருபத்தேழு வயதில் மரணம், ஏதாவது ஒன்று. ரோரி எதையும் தரவில்லை. ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை மட்டும் தனியாக, சிங்கிளாக, வெளியிடவே மறுத்துவிட்டார். ஏழு நிமிடப் பாட்டை வானொலிக்காக வெட்டித் தரச் சொன்னால் கோபம் வரும். கம்பெனிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். கட்டம் போட்ட சட்டை, நைந்த டெனிம், தேய்ந்த ஷூ, அதே கிதார். வருடம் பூரா ஊர் ஊராகப் போவது, இரண்டரை மணி நேரம் வாசிப்பது, வியர்வையோடு இறங்கி வந்து காத்திருப்பவர்களிடம் பேசுவது. இதைச் செய்திருக்கிறார், அதற்கான விலையையும் தெரிந்தே கொடுத்திருக்கிறார். நாம் பாவப்படுவது அவர் முடிவைக் கொஞ்சம் அவமதிப்பது மாதிரி எனக்குத் தோன்றும்.

சரி, கச்சேரிக்கு வருவோம். பெல்ஃபாஸ்டைப் பற்றிச் சொல்லாமல் ரோரியைப் பற்றி எழுதுவது வீண். எழுபதுகளின் தொடக்கத்தில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், பிரிட்டிஷ் ராணுவம் என்று ரத்தக்களரி. நகரின் நடுவில் குண்டு வெடிக்கும். இருட்டியதும் கடைத்தெரு காலி. வெளியூர்க் குழுக்கள் பெல்ஃபாஸ்டைச் சுற்றுப்பயண அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டன. காப்பீடு கிடைக்காது, தங்க இடம் பயம், யார் வருவார்கள்? ரோரி வந்தார். ஒரு முறை வந்து பத்திரிகையில் படம் பிடித்துக்கொண்டு போகவில்லை, கிறிஸ்துமஸ் புத்தாண்டு சமயத்தில் வருடா வருடம் வந்தார். அல்ஸ்டர் ஹாலில், வெளியே ராணுவ வண்டிகள் நிற்க, உள்ளே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் நின்று ஒரே மனிதனைப் பார்த்துக் கத்தினார்கள். அன்றைய பெல்ஃபாஸ்டில் அப்படி நடக்கிற இடங்கள் அதிகமில்லை. மேடையில் ரோரி சமாதானச் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. அடுத்த பாட்டின் பெயரைச் சொல்வார், வாசிப்பார்.

1975 ஜூலை 31 இரவு, வட அயர்லாந்தில் வாசித்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்டின் வண்டியை ராணுவச் சோதனைச் சாவடி போல வேடம் போட்டு நிறுத்தி, குழுவில் மூன்று பேரைக் கொன்றார்கள். ரோரி தொடங்கிய அதே ஷோபேண்ட் உலகத்து ஆட்கள். இசைக்காரனை எந்தப் பக்கமும் தொடாது என்றிருந்த நம்பிக்கை அன்றோடு போனது. அதற்குப் பிறகும் ரோரி பெல்ஃபாஸ்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ரோரியைப் பற்றிப் பேசும்போது கிதாரைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள், "அவர் வந்தார்" என்பார்கள். 2025 ஜனவரியில் அல்ஸ்டர் ஹாலுக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். ரசிகர்கள் வருடக்கணக்கில் அலைந்து பணம் சேர்த்து வைத்த சிலை.

1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று ஊர்களில் வாசித்ததை ரானி லேனின் நடமாடும் ஸ்டுடியோ வண்டியில் பதிவு செய்தார்கள். அதுதான் 'ஐரிஷ் டூர்' ஆல்பம். டோனி பாமர் அதே பயணத்தைப் படமாகவும் எடுத்தார். எனக்கு ரோரி அறிமுகமானது இதில்தான். அவர் இறந்து பல வருடம் கழித்து, நண்பர் ஒருவர் பிரதி எடுத்துத் தந்த குறுந்தகட்டில். நான் அவரை மேடையில் பார்த்ததில்லை, இனி பார்க்கவும் வழியில்லை. பார்த்தவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கும்.

அதில் 'எ மில்லியன் மைல்ஸ் அவே' என்ற பாட்டு. கடற்கரை ஊரின் மதுக்கடையில் கூட்டத்துக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவனின் பாட்டு. தொடக்கம் மிக நிதானம், தந்தியைத் தனித்தனியாகத் தொட்டு நகர்கிறது. லூ மார்ட்டினின் கீபோர்டு பின்னால் அலைபோல. நடுவில் ஒரு கட்டத்தில் குழு முழுவதும் தணிந்துவிடும். ஓர் இசைக்குறிப்பு வாசிப்பார், விடுவார். அடுத்ததற்குக் காத்திருக்க வைப்பார். சத்தம் கூடக் கூட வேகம் கூடும் என்று எதிர்பார்ப்போம், அவர் சத்தத்தைக் கூட்டுவார், வேகத்தைக் கூட்ட மாட்டார். ப்ளூஸ் கிதாரில் வேகமாக வாசிக்க ஆயிரம் பேருக்குத் தெரியும். வாசிக்காமல் இருக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்.

கிதார் வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அவர் ஒலியின் பெரும்பகுதி இரண்டு கைகளிலும் கிதாரின் குமிழ்களிலும் இருந்தது. வா-வா பெடல் போடுகிற அழுகையை டோன் குமிழைச் சுண்டுவிரலால் திருப்பியே கொண்டுவருவார். வால்யூமை மூடிவைத்துத் தந்தியைத் தட்டிவிட்டு மெல்லத் திறந்தால் வயலின் மாதிரி எழும்பும். பிக்கின் ஓரத்தோடு கட்டைவிரல் சதையும் தந்தியில் உரசிக் கிறீச்சென்று வரும் ஹார்மோனிக், பிற்காலத்தில் மெட்டல்காரர்களின் சொத்தாகிப்போன அந்தச் சத்தம், இவரிடம் எழுபதுகளின் தொடக்கத்திலேயே சரளமாக இருக்கிறது. ஸ்லைடு வாசிப்பு தனி அத்தியாயம். பிறகு எல்லாவற்றையும் வைத்துவிட்டு ஒரு மாண்டலினை எடுத்துக்கொண்டு தனியாக நின்று காலால் தாளம் தட்டுவார், அரங்கம் கைதட்டிக் கூடவே வரும். ஆரம்ப காலத்தில் சாக்சஃபோனும் வாசித்தார்.

மூத்தவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு மடி வாட்டர்ஸ் சாட்சி. 1971 டிசம்பரில் மடி லண்டனுக்கு வந்து இளைஞர்களோடு ஆல்பம் பதிந்தார். ஸ்டீவ் வின்வுட் இருந்தார். ஹெண்ட்ரிக்ஸின் டிரம்ஸ்காரர் மிட்ச் மிட்செலும் இருந்தார். ரோரிக்கு அந்த நாட்களில் வெளியூரில் கச்சேரி. முடித்துவிட்டுக் காரை விரட்டிக்கொண்டு நள்ளிரவில் ஸ்டுடியோவுக்கு வருவார், அவர் வரும்வரை மடி வாட்டர்ஸ் காத்திருப்பார். அந்த ஆல்பம் கிராமி வாங்கியது. சிறுவயதில் வானொலியில் தேடிக் கண்டுபிடித்த மனிதர் தனக்காக உட்கார்ந்திருக்கிறார்! இந்தக் கதைக்கு ஆதாரம் ஆல்பத்திலேயே இருக்கிறது, ஹெண்ட்ரிக்ஸ் கதைக்குத்தான் இல்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. 1974 டிசம்பரில் மிக் டெய்லர் விலகினார். ஜனவரியில் ராட்டர்டாமில் ரோரியை வரவழைத்து வாசிக்கவைத்தார்கள். சில இரவுகள் வாசித்தார். யாரும் திட்டவட்டமாக எதுவும் சொல்லவில்லை. பேச வேண்டிய கீத் ரிச்சர்ட்ஸ் தூங்கிக்கொண்டிருந்தார். ரோரிக்கு ஜப்பானில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சுற்றுப்பயணம். விடிந்ததும் விமானத்துக்குப் போய்விட்டார், இடம் ரான் வுட்டுக்குப் போனது. சேர்ந்திருந்தால் உலகமே அறிந்திருக்கும் என்று சிலர் ஏங்குகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. மிக் ஜாகருக்குப் பின்னால் ஓரமாக நின்று ரிதம் வாசிக்கும் ரோரியை யோசித்தாலே தலை வலிக்கிறது.

பிடிவாதம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1977இன் கடைசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் எலியட் மேசர் தயாரிப்பில் முழு ஆல்பம் பதிந்து முடிந்தது. பதிந்த ஒலிகளைச் சேர்க்கிற கலவை (மிக்ஸிங்) வேலையில் ரோரிக்குத் திருப்தியில்லை. அங்கேயே 1978 ஜனவரியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் கடைசிக் கச்சேரியைப் போய்ப் பார்த்தார். பங்க் குழுக்களை ப்ளூஸ்காரர்கள் ஏளனமாகப் பேசிய காலம். இவருக்கோ அந்த முரட்டுத்தனம் பிடித்துவிட்டது. ஆல்பத்தையே தூக்கி எறிந்தார். கீபோர்டையும் டிரம்ஸ்காரரையும் விட்டுவிட்டு மறுபடி மூவர் குழுவானார். அந்த ஒலிநாடாக்கள் 2011இல்தான் வெளியே வந்தன. கேட்டுப் பார்த்தேன். எறியும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் எறிந்த பிறகு வந்த 'ஃபோட்டோ ஃபினிஷ்' அதைவிடச் சூடு அதிகம், அது அவர் சொன்னது சரி என்று காட்டுகிறது.

இப்போது ரசிகர்கள் என்மேல் கல் எறியலாம். ஸ்டுடியோ ஆல்பங்களில் ரோரி பாதிதான் இருக்கிறார். நல்ல பாட்டும் சுமாரான பாட்டும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருக்கும், வெளியிலிருந்து ஒருவர் இதை எடு, அதை விடு என்று சொல்ல அவர் பெரும்பாலும் இடம் தந்ததில்லை. ரோஜர் குளோவர் தயாரித்த 'காலிங் கார்டு' விதிவிலக்கு, அதனால்தான் அது மற்றவற்றைவிட ஒழுங்காக இருக்கிறது. எண்பதுகளின் ஆல்பங்களில் டிரம்ஸ் ஒலி அந்தக் காலத்து வியாதியோடு காதைக் குத்துகிறது. பட்டியல் போடுகிறவர்கள் ஆல்பத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள் என்றால், அவர்கள் குறைத்து மதிப்பிட்டதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கச்சேரியில் ரோரியைப் பார்த்தவர்களின் அளவுகோல் வேறு. இரண்டு தரப்பும் வேறு வேறு மனிதனைப் பற்றிப் பேசுகின்றன.

கடைசி வருடங்கள் வேகமாகச் சொல்லிவிடக்கூடியவை, நான் அங்கே அதிக நேரம் நிற்க விரும்பவில்லை. வருடம் பூரா விமானத்தில் பறக்க வேண்டிய மனிதருக்கு விமானப் பயம் வந்துவிட்டது. அதற்கு மருத்துவர்கள் மாத்திரைகள் எழுதித் தந்தார்கள். கூடவே குடி. இரண்டும் சேர்ந்து கல்லீரலைத் தின்றது. உடம்பு ஊதியது. கல்யாணம் இல்லை, பிள்ளைகள் இல்லை, கடைசியில் லண்டனில் ஹோட்டல் அறையில் வாழ்க்கை, கையில் துப்பறியும் நாவல்கள். 1995 ஜனவரி 10 அன்று நெதர்லாந்தில் கடைசிக் கச்சேரி. மார்ச்சில் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை. கல்லீரல் மாற்று அறுவை நடந்து, தேறிவருகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தபோது கிருமித் தொற்று. ஜூன் 14 அன்று போனார். வயது 47. 'ப்ளூஸ் வாழ்ந்தார், ப்ளூஸாகவே இறந்தார்' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். உடம்புக்கு முடியாத, தனிமையில் இருந்த ஒரு மனிதர், மருந்தையும் மதுவையும் கலந்துவிட்டார். இதில் கவிதை ஒன்றுமில்லை.

கார்க் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நின்று வழியனுப்பினார்கள். பக்கத்தில் பாலின்காலிக் கல்லறையில் இருக்கிறார். 1972இல் கிடைத்த விருதின் வடிவத்திலேயே, கதிர் விரிக்கும் சூரியன் போல, நினைவுக்கல். பாலிஷானனில் வருடந்தோறும் கோடையின் தொடக்கத்தில் அவர் பெயரில் விழா நடக்கிறது. பல நாடுகளிலிருந்து குழுக்கள் வந்து அவர் பாட்டுகளையே வாசிக்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்தால் ஊர் முழுக்கக் கட்டம் போட்ட சட்டை. பிரான்ஸில் பாரிஸுக்குத் தெற்கே ரிஸ் ஒராங்கிஸ் என்ற ஊரில் ஒரு தெருவுக்கே அவர் பெயர். டப்ளின் டெம்பிள் பார் பகுதியில் சுவரில் வெண்கலக் கிதார்.

ரோரியின் அந்த ஸ்ட்ராடோகாஸ்டரைப் பற்றி முடிக்கவில்லை. 1966 வாக்கில் டப்ளினில் திருடு போய், சில நாள் கழித்து ஒரு பள்ளத்தில் நனைந்து கிடந்த நிலையில் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து இதை விற்கவே மாட்டேன் என்றார் ரோரி. மழை ஒரு பக்கம், இரவுக்கு இரவு அவர் வியர்வை ஒரு பக்கம், பெயிண்ட் முழுக்க உதிர்ந்து வெறும் மரம் தெரிந்தது, தலைமுறைகள் உட்கார்ந்து தேய்ந்த திண்ணை மாதிரி. பிறகு ஃபெண்டர் கம்பெனி அதே தேய்மானத்தை அளந்து, புதுக் கிதாரில் பெயிண்டைச் சுரண்டி, பெரிய விலைக்கு விற்கத் தொடங்கியது. முப்பது வருட வியர்வையைத் தொழிற்சாலையில் ஏற்றித் தருகிறார்கள்! வாங்குகிறவர்களைக் கேலி செய்ய வாய் வருகிறது. ஆனால் எனக்கு ஒருவர் சும்மா கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வேனா? மாட்டேன்.

2024இல் குடும்பம் அசல் கிதாரை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. ரசிகர்களுக்குத் தூக்கம் போனது. யாரோ ஒரு கோடீஸ்வரரின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும் என்ற பயம். அதை விற்ற கடைக்காரரின் மகளே, எப்படியாவது கார்க்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று பொதுமக்களிடம் பணம் திரட்டக் கிளம்பினார். அரசாங்கம் வாங்க வேண்டும் என்று அயர்லாந்து அரசியலிலும் பேச்சு எழுந்தது. அக்டோபர் 17 அன்று லண்டனில் பான்ஹம்ஸ் ஏலத்தில், கட்டணம் எல்லாம் சேர்த்து, 8,89,400 பவுண்டுக்குப் போனது. வாங்கியது அயர்லாந்தில் கச்சேரிகள் நடத்தும் லைவ் நேஷன் கெயிட்டி நிறுவனம். அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்காகவே வாங்கினோம் என்றார்கள். 100 பவுண்டுத் தவணை நாட்டின் சொத்தாகிவிட்டது. கார்க் ஊர்க்காரர்கள் சிலர், டப்ளினில் எதற்கு, எங்கள் ஊரில் வையுங்கள் என்று இன்னும் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் சாய்வு. வாங்கிய கடையும் அங்கே, அடக்கம் செய்த இடமும் அங்கே பக்கத்தில்.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்பார்கள். ரசிகர்களில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு 'ஐரிஷ் டூர்' என்பார்கள். நானும் அதையே சொல்வேன், ஆனால் ஆல்பத்தைக் கேட்பதற்கு முன் 1977 எசன் கச்சேரியின் காணொளியைப் பாருங்கள். நெற்றியில் ஒட்டிய முடி, வாயைக் கோணிக்கொண்டு தந்தியைத் துரத்தும் முகம், பக்கத்தில் மெக்கவாய் குதிக்கிற குதி எல்லாம் பார்த்த பிறகு வெறும் ஒலி கேட்டால் ஆள் கண்முன் நிற்பார். அதற்கடுத்து 1972இன் 'லைவ் இன் யூரோப்'. சிலர் இதை முதலிடத்தில் வைக்கிறார்கள். தவறு என்பது என் கட்சி, கீபோர்டு இல்லாததால் மெதுவான பாட்டுகளில் இடம் காலியாக இருக்கிறது. இல்லை, அந்தக் காலியிடத்தில்தான் கிதார் மூச்சு விடுகிறது என்று வாதாடுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. போன வாரம்கூட இதே சண்டை.